லயமே தின்ற சீம்பால்

ஐம்பத்தைந்தைத் தாண்டிய நமக்குப் பேச வேறு விஷயமே இல்லாமல் போய்விட்டது. முன்பெல்லாம் சந்தித்தால் பிள்ளைகளின் படிப்பு, சிங்கப்பூர் வேலை, அங்கே போகும் பாலத்தில் எத்தனை மணி நேரம் நெரிசல் என்று பேசுவோம். இப்போது குடல். யாருக்குக் காலையில் சுலபமாகப் போகிறது, யாருக்குப் போகவில்லை, யார் எந்தப் பொடியை வெந்நீரில் கலக்கிக் குடிக்கிறார்கள் என்பதுதான் பேச்சு. நம் தோட்டப் பள்ளி வாட்ஸ்ஆப் குழுவில் விடிந்ததும் ஒரு ரோஜாப்பூ வரும். அதற்கடுத்து யாரோ ஒருவருடைய மலச்சிக்கல் வரும்.

இதை நான் இளக்காரமாகச் சொல்கிறேன் என்று நினைத்தால் சரியாகவே நினைக்கிறீர்கள். ஆனால் அந்த இளக்காரத்தில் எனக்கும் பங்கு ஒதுக்கியிருக்கிறேன். படித்து முடியுங்கள், தெரியும்.

போன மாதம் உலு திராமில் நம் பழைய வகுப்புத் தலைவி டீக்கு அழைத்தாள். பன்னிரண்டு பேர் போனோம். கறிபாப் இருந்தது, கேசரி இருந்தது. தொலைக்காட்சியோடு மடிக்கணினியை இணைத்து வைத்திருந்ததைப் பார்த்ததுமே எனக்குச் சந்தேகம் வந்தது. இரண்டாவது கறிபாப்பைக் கடிக்கும்போது திரையில் ஒரு குடல் தெரிந்தது. மேசைமேல் வரிசையாக டப்பாக்கள். டப்பாவில் பச்சைப் புல்வெளி, பசு, அதன் மடியில் முட்டும் ஒரு கன்று.

"இது மருந்து இல்லப்பா, சப்ளிமெண்ட்" என்றாள் தலைவி. "குடல்ல நல்ல கிருமிங்க வளரும். கெட்டதெல்லாம் தன்னால ஓடிரும்."

"உள்ள என்னா இருக்கு?" என்று கேட்டான் மண்டோர் மகன். தோட்டத்தில் ஆட்களை மேய்த்த மண்டோரின் மகன். இப்போது பேரன் எடுத்துவிட்டான், ஆனாலும் நமக்கு அவன் மண்டோர் மகன்தான்.

"கன்னு போட்டதும் பசுவுக்கு வர்ற மொதல் பாலு. அதான் பவர்."

"அலமாக், அது சீம்பாலுதானே?"

"சீம்பால்னு சொன்னா யாரு லா வாங்குவா?"

ஆளுக்கொரு பிளாஸ்டிக் கரண்டி கொடுத்தாள். நக்கினோம். என்னைத் தவிர பதினொரு பேரும் கண்ணை மூடிக்கொண்டு, "நம்ம தோட்டத்து ருசி" என்றீர்கள். இரண்டு பேருக்குக் கண் கலங்கியது. அந்த இடத்தில்தான் எனக்கு எரிச்சல் மூண்டது. ருசி மட்டும் எப்படி இவ்வளவு பத்திரமாக இருக்கிறது நம்மிடம்? அந்த ருசி யார் வாயிலிருந்து வந்தது என்பது மட்டும் எப்படி மறந்துபோனது?

மறந்தவர்களுக்காக எழுதுகிறேன். எரிச்சலோடு எழுந்து வந்துவிட்டேன் என்று எண்ண வேண்டாம். அத்தனை கேசரி தின்றுவிட்டு வெறுங்கையோடு வர முடியாமல் நானும் ஒரு டப்பா வாங்கிக்கொண்டுதான் வந்தேன்.

என் அத்தையை உங்களுக்கு நினைவிருக்கும். அப்பாவின் தங்கை. செடெனாக் பக்கம் ஒரு தோட்டத்தில் வாழ்க்கைப்பட்டுப் போனவள். இரண்டே வருடத்தில், தோட்டத்துச் சாமான் லாரி ஒன்றில் ஏறிக் குளுவாங் பக்கத்திலிருந்த நம் தோட்டத்துக்கே திரும்பி வந்துவிட்டாள். ஏன் என்று பிள்ளைகளுக்குச் சொல்லவில்லை. இடது புருவத்தின்மேல் இருந்த தையல் சொன்னது. கூடக் கொண்டுவந்தது ஒரு டிரங்குப் பெட்டியும் ஒரு பசுவும். கன்றாக இருந்ததிலிருந்து அவளே வளர்த்த பசு. லாரியிலிருந்து முதலில் பசுவை இறக்கி, தண்ணீர் காட்டிவிட்டு, அப்புறம்தான் அவள் வீட்டுக்குள் வந்தாள். அப்பாவுக்கு அந்த வரிசை பிடிக்கவில்லை.

அந்தப் பசுவைப் பற்றி ஒன்று தெரிந்திருந்தால்தான் மற்றது விளங்கும். அது நாட்டுப் பசு. கன்று கண்முன்னால் நின்றால்தான் பால் இறக்கும். கன்று இல்லையென்றால் மடியில் யார் கை வைத்தாலும் ஒரு சொட்டு விடாது. ஆகவே கன்று பிழைத்தால் பால், கன்று போனால் பசுவும் சும்மா. பசு பால் கறந்தால் அத்தை எங்கள் வீட்டுக்குப் பால் தருகிறவள். கறக்காவிட்டால் எங்கள் வீட்டில் சோறு தின்கிறவள். அத்தைக்கு இது நன்றாகத் தெரியும். அப்பா தட்டில் சோறு போட்டுக்கொள்ளும் சத்தத்திலேயே தெரியும்.

வந்த பிறகு அந்தப் பசு போட்ட முதல் கன்று ஒன்பது நாள் இருந்தது. இரண்டாவது பதினொரு நாள். இரண்டும் ஒரே மாதிரி போயின. வெள்ளையாக, தண்ணீராகக் கழிந்து, வாலெல்லாம் ஒட்டி, கண் குழிக்குள் போய், கடைசியில் காதைத் தொட்டால் சில்லென்று இருந்தது.

இப்போது நம் லயத்து வரிசை வீடுகளின் வழக்கத்தைச் சொல்கிறேன். பசு கன்று போட்டால் நஞ்சுக்கொடி விழும்வரை கன்றை மடிக்கு விடக்கூடாது. விழுந்த பிறகும் முதல் மூன்று நாள் வருகிற மஞ்சள் பாலைக் கன்றுக்குக் கொடுக்கக்கூடாது. கனத்த பால், செரிக்காது, கழிச்சல் வரும் என்பார்கள். ஆகவே கன்றின் நலன் கருதி அதை நாமே தின்றுவிட வேண்டும். எவ்வளவு பெரிய மனது பாருங்கள். கன்றுக்கு அதுவரை கஞ்சித் தண்ணீர். மூன்று நாள் கழித்து மடியில் விடுவார்கள்.

என் அம்மா சீம்பாலை எப்படிச் செய்வாள் என்று நான் சொல்லாமல் விட்டாலும் உங்கள் நாக்கு சொல்லும். கூலா மெலாக்கா வெல்லத்தைச் சீவிப் போட்டு, ஏலக்காய் தட்டி, வாசனைக்கு ஒரு பண்டான் இலையை முடிச்சுப் போட்டு உள்ளே இறக்கி, குவளையில் ஊற்றி ஆவியில் வைப்பாள். மூடியைத் திறந்தால் பழுப்பு மஞ்சளில் ஒரு நடுக்கம். கத்தியால் கீறினால் ஓரத்தில் கருப்பாகச் சர்க்கரைத் தண்ணீர் ஊறும். கடிக்கத் தேவையில்லை, வழுக்கிக்கொண்டு போகும்.

தட்டுத் தூக்குவது என் வேலை. வரிசை உண்டு. முதலில் கோயில் பூசாரி. அடுத்து ஆபீசில் கணக்கு எழுதும் கிராணி வீடு. மூன்றாவது தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் டிரெஸர். பிறகு மண்டோர். அதற்கப்புறம்தான் லயத்து வீடுகள், உங்கள் வீடுகள். தட்டை யாரும் காலியாகத் திருப்பித் தரமாட்டார்கள், ஒரு சிட்டிகை சீனியாவது வைப்பார்கள். அந்தச் சீனியை நான் வழியிலேயே நக்கிவிடுவேன். மண்டோர் மகன் ஒரே நாளில் இரண்டு தடவை எங்கள் அடுப்படி வாசலில் வந்து நின்றது எனக்கு மறக்கவில்லை. தாடையைத் தடவிக்கொண்டு, "அம்மா அனுப்பிச்சாங்க" என்றான். அவன் அம்மா அன்று குளுவாங் போயிருந்தாள்.

டிரெஸர் வெள்ளைச் சட்டையில் நாற்காலியில் உட்கார்ந்து கரண்டியால் வெட்டி வெட்டிச் சாப்பிடுவார். "நல்ல புரோட்டீன்" என்பார். ஆறு நாள் கழித்து அதே டிரெஸரிடம் கன்றுக்கு மருந்து கேட்டு அத்தை நிற்பாள். அவரும் பிள்ளைகளுக்குக் கொடுக்கும் வாயுத் தண்ணீரில் ஒரு பாட்டில் கொடுப்பார். "தெனம் ராத்திரி ஒரு மூடி. மொதல் பாலக் கண்டிப்பாக் குடுத்திருக்க மாட்டீங்களே?" "இல்லைங்க." "ரொம்ப நல்லது."

இரண்டாவது கன்றுக்குக் கழிச்சல் கண்டபோது கொய்யாக் கொழுந்து அரைத்துக் கொடுத்தார்கள், அடுப்புக்கரி கரைத்துக் கொடுத்தார்கள். நிற்கவில்லை. குளுவாங் மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு தௌக்கே, சீனக் கடை முதலாளி, கால்நடைத் தீவனம் விற்கிறார், குட்டிகளுக்குச் சத்துப்பொடி வைத்திருக்கிறார் என்று யாரோ சொன்னார்கள். அப்பா மோட்டார் சைக்கிளில் என்னைப் பின்னால் ஏற்றிக்கொண்டு போனார்.

கடைக்குள் போனதும்தான் அது பன்றிப் பண்ணைக்காரர்களின் கடை என்று தெரிந்தது. தவிட்டு வாசனையும் மீன்தூள் வாசனையும் மூக்கில் ஏறின. தௌக்கே பனியன் போட்டு, இடுப்பில் ஒரு துண்டு செருகியிருந்தார். பலகைமேல் பெரிய தகர டின்கள். ஒவ்வொன்றிலும் ரோஜா நிறத்தில் ஒரு பன்றிக்குட்டி சிரித்தது. அப்பா டின்னைப் பார்க்காமல் டின்னைக் கேட்டார்.

தௌக்கே உடனே எடுத்துத் தரவில்லை. எத்தனை நாள் குட்டி, எந்த நிறத்தில் போகிறது என்று சந்தை மலாயில் விசாரித்தார். பிறகு கேட்டார்: "சுசு பெர்தாமா அடா காசி?" முதல் பால் கொடுத்தாயா என்று.

"தடாக்" என்று மறுத்தார் அப்பா பெருமையாக. "இத்து சுசு பெராத்." அது கனத்த பால் என்று விளக்கம் வேறு.

தௌக்கே டின்னின்மேல் கையை வைத்துக்கொண்டு எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பன்றிக்குட்டி பிறந்ததும் முதலில் தாய்மடிக்குத்தான் போகும், தள்ளிவிடப்பட்டு முதல் நாள் பால் கிடைக்காத குட்டிக்கு என் கடை முழுவதையும் கரைத்து ஊற்றினாலும் கழிச்சல் நிற்காது என்றார். இந்தப் பொடி அதற்குப் பிறகு கொடுப்பது, அதற்குப் பதிலாகக் கொடுப்பது இல்லை என்றார். மெதுவாக, எனக்கும் புரியும்படி சொன்னார். பொருளை விற்க வேண்டிய மனிதர் பொருளால் பயனில்லை என்று சொல்லி நான் கேட்டது அது ஒரு தடவைதான். அதற்குப் பின்னால் நம் வகுப்புத் தலைவி உட்பட யாரும் அப்படிச் சொன்னதில்லை.

அப்பா டின்னை வாங்கிக்கொண்டார். வெளியே வந்து வண்டியை உதைக்கும்போது சொன்னார்: "பன்னி வளக்கிறவன் மாட்டப் பத்திப் பாடம் நடத்துறான்."

வீட்டில் போய்ச் சொல்லாதே என்று அப்பா என்னிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்கு ஒரு சாக்காவது கிடைத்திருக்கும். அவர் அதை ஒரு பொருட்டாகவே எடுத்துக்கொள்ளவில்லை. நான் எடுத்துக்கொண்டேன். ஒன்பது வயதில் எனக்கு அது தெளிவாகப் புரிந்தது: தௌக்கே சொல்வது நிஜமானால் அடுத்த தடவை சீம்பால் கிடையாது. ஆகவே நானும் வாயைத் திறக்கவில்லை.

டின் வீட்டுக்கு வந்ததும் வேறொரு பிரச்சினை.

"கோமாதா வாயில பன்னி மாவா ஊத்தப் போறீங்க?" என்றாள் அம்மா.

"உள்ள பன்னி இல்ல. படத்துலதான் இருக்கு."

"அப்ப படத்த மறைங்க."

மளிகைக் கடைக் காலண்டரிலிருந்து முருகன் படத்தை வெட்டிக் கஞ்சிப்பசை தடவி டின்னின்மேல் ஒட்டினார் அப்பா. படம் கொஞ்சம் சிறியது. மயிலுக்குப் பின்னாலிருந்து இரண்டு ரோஜா நிறக் காதுகள் எட்டிப் பார்த்தன. பூசாரி வந்து விபூதி போட்டார், காதுகளைக் கவனித்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. கன்றின் குடலுக்குள் என்ன போக வேண்டும் என்று ஒருவரும் கவலைப்படவில்லை, டின்னின் வெளியே என்ன இருக்க வேண்டும் என்பதில் ஊரே கூடி முடிவெடுத்தது. இப்போதும் டப்பாவின் வெளிப்பக்கத்தைப் பார்த்துத்தானே வாங்குகிறோம்.

கன்று பதினோராம் நாள் போய்விட்டது. லயம் கூடி யோசித்தது. பசுவைக் குற்றம் சொல்ல முடியாது, அது தெய்வம். கன்றைச் சொல்ல முடியாது, அது செத்துவிட்டது. டிரெஸரைச் சொல்ல முடியாது, நாளைக்கு நமக்குக் காய்ச்சல் வரும். மிச்சம் இருந்தது அத்தை.

"அவ கை ராசி அப்பிடி" என்றார்கள். "வாழ வேண்டிய எடத்துல வாழாம வந்தவ. குட்டி எப்பிடித் தங்கும்?"

உங்கள் அம்மாக்கள்தான் சொன்னார்கள். என் அம்மாவும் சொன்னாள். எதிர் வீட்டு அக்கா அப்போது முழுகாமல் இருந்தாள். காலையில் எதிரே வர வேண்டாம் என்று அத்தையிடம் சிரித்துக்கொண்டே சொன்னாள். அன்றிலிருந்து அத்தை பசுவுக்குப் புல் அறுக்க வாசல் வழியாகப் போகவில்லை. பின்பக்கத்துக் கால்வாயைத் தாண்டிப் போனாள்.

மூன்றாவது கன்று வந்தது வருடக் கடைசி லீவில். மழை விடாமல் பெய்துகொண்டிருந்த நாட்கள், தகரக் கொட்டகையில் பேச்சுக் கேட்காது. பசுவுக்கு மடி இறங்கியதுமே அப்பா அத்தையிடம் சொல்லிவிட்டார்.

"இந்தக் கன்னும் போச்சுன்னா பசுவ வித்துருவேன். நீயும் யோசிச்சுக்க."

யோசிச்சுக்க என்றால் செடெனாக்குக்குத் திரும்பிப் போ என்று அர்த்தம். அத்தை புருவத்துத் தையலைத் தடவிக்கொண்டு, "சரிண்ணே" என்றாள்.

காலை பத்து மணி வாக்கில் பிறந்தது. பெண் கன்று, பழுப்பு, நெற்றியில் வெள்ளை. பசு நக்கி முடிப்பதற்குள் எழுந்துவிட்டது, நான்கு காலும் நான்கு பக்கம் போக. விழுந்தது, எழுந்தது, நேராக மடியைத் தேடிக்கொண்டு வந்தது. அத்தை அதன் கழுத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள். நஞ்சுக்கொடி இன்னும் விழவில்லை. கன்று அவள் விரலைப் பிடித்து உறிஞ்சத் தொடங்கியது. சப்புகிற சத்தம் மழையையும் மீறிக் கேட்டது. கொட்டகையில் நாங்கள் இரண்டு பேர்தான்.

அத்தை என்னைப் பார்த்தாள். "எப்பிடித் தேடுது பாரு, பாவம். கொஞ்சம் விட்டாத்தான் என்னாடி?"

நண்பர்களே, என்னிடம்தான் கேட்டாள். அவளுக்கு வேறு யாரும் பேச இருக்கவில்லை. தௌக்கே சொன்னதை நான் கேட்டிருந்தேன், எனக்கு மலாய் புரியும், எனக்கு ஞாபகமும் இருந்தது. அடுப்படி வாசலில் அம்மா கூலா மெலாக்கா சீவிக்கொண்டிருந்ததும் தெரிந்தது.

"கழிச்சல் வரும்னு டிரெஸர் சொன்னாருல்ல, அத்தை" என்றேன்.

பெரியவர்கள் மாதிரியே சொன்னேன். தலையைக்கூட ஆட்டியிருப்பேன். அத்தை கன்றை இழுத்துக்கொண்டுபோய்த் தூணில் கட்டினாள்.

அன்று நான் மூன்று தட்டு தின்றேன்.

நாலாம் நாளே கழிச்சல் தொடங்கிவிட்டது. அத்தை கொட்டகையிலேயே பாய் போட்டுக்கொண்டாள். முருகன் டின் மறுபடி இறங்கியது. பொடியைக் கரைத்து, சோயா சாஸ் பாட்டிலில் ஊற்றி, தலையைத் தூக்கிப் பிடித்துக் கொஞ்சம் கொஞ்சமாக விடுவாள். பாதி ஓரத்தில் வழியும். நான் என்ன செய்தேன் தெரியுமா? அலமாரியில் மிஞ்சியிருந்த சீம்பாலில் ஒரு துண்டை இலையில் எடுத்துப்போய், யாரும் பார்க்காத நேரத்தில் கன்றின் வாயில் திணித்தேன். அதற்குச் சேர வேண்டியதை அதனிடமே சேர்த்தேன். வேகவைத்து, ஏலக்காய் போட்டு, நான்கு நாள் தாமதமாக. கன்று அதைத் துப்பிவிட்டது. ருசி தெரியாத கன்று என்று அப்போது எனக்குக் கோபம் வந்தது.

பத்தாம் நாள் போய்விட்டது.

மறுவாரம் லாரி வந்தது. பசு ஏற மறுத்தது. அத்தை முன்னால் ஏறி நின்று கூப்பிட்டதும் தானாக ஏறியது. அவள் கயிற்றை அவிழ்த்து, ஏற்ற வந்தவர்களின் கயிற்றை மாட்டிவிட்டு இறங்கினாள். லயமே வேடிக்கை பார்த்தது. சீம்பால் தின்ற வாய்கள் எல்லாம் அங்கே இருந்தன.

அப்பா சொன்னபடி அத்தை யோசித்தாள், ஆனால் அப்பா நினைத்த திசையில் அல்ல. டிரங்குப் பெட்டியை எடுத்துக்கொண்டு குளுவாங்குக்குப் போய் ஒரு சலவைக் கடையில் சேர்ந்தாள். அறை எடுத்தாள், தனியாக இருந்தாள், இன்னும் இருக்கிறாள். எங்கள் வீட்டு நல்லது கெட்டதுக்கு எல்லாம் வருவாள். ஒன்றைத் தவிர. பிறந்த குழந்தையைப் பார்க்க மட்டும் வரமாட்டாள். என் இரண்டு பிள்ளைகளையும் கழுத்து நின்ற பிறகுதான் வந்து பார்த்தாள், தூக்கவில்லை. "அப்புறமா வர்றேன்மா, கொஞ்சம் தேறட்டும்" என்பாள். நாங்கள் அதை நல்ல நாகரிகம் என்று எடுத்துக்கொண்டோம். வற்புறுத்தியதே இல்லை. ஏன் வற்புறுத்த வேண்டும், உள்ளுக்குள் நிம்மதிதானே.

என் பிழைப்புக்கு வருகிறேன். படித்து முடித்து நான் போய்ச் சேர்ந்த இடம் ஒரு தீவனக் கம்பெனி. சிரிக்காதீர்கள். ஓய்வு பெறும்வரை கன்றுக்குட்டிகளின் குடலுக்கும் பன்றிக்குட்டிகளின் குடலுக்கும் பொடி விற்றவர்களுக்குக் கடிதமும் துண்டுப் பிரசுரமும் தட்டச்சு செய்தேன். நல்ல கிருமி, துத்தநாகம், புளிப்புச் சத்து, ஈஸ்ட் எல்லாம் எனக்கு மனப்பாடம். வகுப்புத் தலைவி திரையில் காட்டியதை நான் தூக்கத்தில் ஒப்பிப்பேன்.

சேர்ந்த புதிதில் கம்பெனியின் மாட்டு டாக்டர் ஒரு பிரசுரத்தை விளக்கினார். கன்று பிறந்த முதல் சில மணி நேரம்தான் அதன் குடல் திறந்த கதவு மாதிரி இருக்கும். நோயை எதிர்க்கிற சரக்கு கன்றிடம் சொந்தமாக ஒன்றும் கிடையாது. தாயின் முதல் பாலில் இருப்பது அந்தக் கதவு வழியாக நேராக ரத்தத்துக்குப் போக வேண்டும். பிறகு கதவு சாத்திக்கொள்ளும். அதற்கப்புறம் நாம் ஊற்றும் பொடியெல்லாம் வயிற்றுக்குள் ஏதோ கொஞ்சம் உதவும், அவ்வளவுதான். எங்கள் பிரசுரங்கள் எல்லாவற்றிலும் கடைசி வரி ஒன்று இருக்கும்: இந்தப் பொடி முதல் பாலுக்கு மாற்று அல்ல. அந்த வரியை எத்தனை தடவை தட்டியிருப்பேன் என்று கணக்கில்லை. பனியன் போட்ட ஒரு மனிதர் துண்டை இடுப்பில் செருகிக்கொண்டு சொன்ன அதே வரி. அச்சில் வந்தால் எங்கள் அப்பாகூட நம்பியிருப்பார்.

அப்போதாவது அத்தையிடம் போய்ச் சொன்னேனா? இல்லை. அவளுக்குத் தெரிந்து என்ன ஆகப்போகிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். எனக்கு என்ன ஆகும் என்பதுதான் கேள்வியாக இருந்தது.

இந்த வருடம் என் மகளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. முப்பதாம் நாள் சாமி கும்பிடுவதற்கு அத்தையை அழைத்தேன். அத்தை போனிலேயே சொன்னாள், "நீங்க நல்லபடியா செய்ங்க. நான் மூணு மாசம் கழிச்சு வர்றேன்." அதற்கு இரண்டு நாள் முன்னால்தான் நான் உங்கள் எல்லாரோடும் உட்கார்ந்து பிளாஸ்டிக் கரண்டியை நக்கியிருந்தேன். டப்பாவை எடுத்துக்கொண்டு குளுவாங்குக்குக் காரை விட்டேன்.

அத்தைக்கு எண்பது நெருங்குகிறது. அடுக்குமாடியில் இரண்டாவது மாடி, சன்னலோரம் துணி மடித்துக்கொண்டிருந்தாள். இன்னும் சலவைக் கடை மடிப்புத்தான்.

"என்னா இது?"

"வயித்துக்கு நல்லதாம், அத்தை. சாப்ட்டுப் பாருங்க."

ஒரு கரண்டி வாயில் போட்டாள். நாக்கை மேலண்ணத்தில் வைத்து நிறுத்தினாள்.

"சீம்பாலு."

"ஆமா. பொடியாக்கி விக்கிறாங்க."

"கன்னு?"

"என்ன கன்னு?"

"இதுக்குச் சொந்தமான கன்னுடி. அது என்னா குடிச்சிச்சு?"

எங்கள் கம்பெனிப் பிரசுரம் எதிலும் அந்தக் கேள்விக்குப் பதில் இல்லை. பன்னிரண்டு பேர் உட்கார்ந்திருந்த அந்தக் கூடத்திலும் யாரும் அதைக் கேட்கவில்லை. நான் சொல்ல ஆரம்பித்தேன். தௌக்கே கேட்டது, சொன்னது, அப்பா வண்டியை உதைத்தது, நான் வாயை மூடிக்கொண்டது, டாக்டர் சொன்ன திறந்த கதவு. கொட்டகையில் அவள் கேட்டதற்கு நான் சொன்ன பதிலையும் சொன்னேன்.

அத்தை எழுந்துபோய்க் கரண்டியைக் கழுவினாள். ஒரு கரண்டிக்குத் தேவையான நேரத்தைவிட அதிக நேரம் கழுவினாள்.

"அன்னிக்கு ஒன்னயத்தான் கேட்டேன், இல்ல?"

"ஆமா, அத்தை."

"எத்தன தட்டு தின்ன?"

"மூணு."

"டிரெஸர்?"

"ரெண்டு."

"பூசாரி?"

"கோயிலுக்குன்னு ஒண்ணு, வீட்டுக்குன்னு ஒண்ணு."

"எதிர்வீட்டுக்காரி?"

"ரெண்டு. பிள்ளைக்குப் பால் குடுக்கிறவங்கன்னு அம்மா கூட ஒண்ணு குடுத்தாங்க."

வரிசையாகக் கேட்டுக்கொண்டே போனாள். லயத்தில் ஒரு வீட்டையும் விடவில்லை. கடைசி வீட்டுக்கு வந்ததும் ஈரக் கையைத் துணியில் துடைத்தாள்.

"இத்தன பேரும் தின்னுட்டு, என் ராசின்னீங்க."

அவள் மடித்த துணிகளுக்கு அடியிலிருந்து ஒரு புடவையை உருவினாள்.

"வண்டிலதானே வந்த? இரு, மாத்திட்டு வந்துர்றேன். அந்த டப்பாவ எடுத்துக்க, எனக்கு வேணாம்."

உலு திராமிலிருந்த என் வீட்டுக்குக் காரை விட்டேன். சிம்பாங் ரெங்கம் தாண்டும்போது, "நெத்தியில வெள்ள இருந்துச்சுல்ல அதுக்கு?" என்றாள். ஆமாம் என்றேன்.

வீட்டுக்குள் வந்ததும் கை கால் கழுவிக்கொண்டு சோபாவில் நிமிர்ந்து உட்கார்ந்து மடியை விரித்தாள். அவள் கேட்பதற்குள் என் மகள் குழந்தையைக் கொண்டுவந்து வைத்துவிட்டாள். அத்தை குனிந்து பார்த்தாள். குழந்தை தலையை இப்படியும் அப்படியும் உருட்டி, அவள் விரல் நுனி உதட்டில் பட்டதும் கவ்விக்கொண்டு உறிஞ்சத் தொடங்கியது. அந்தச் சத்தம் எங்கள் இருவருக்கும் தெரிந்த சத்தம். அவள் என்னைப் பார்த்தாள். நான் வேறு பக்கம் பார்த்தேன்.

"பசிக்குது போல, குடுங்க பாட்டி, பால் குடுத்துட்டு வர்றேன்" என்றாள் மகள்.

அத்தை விரலை மெல்ல விடுவித்துக்கொண்டு, குழந்தையை இரண்டு கையாலும் தூக்கி, அதன் காதருகே குனிந்து, நான் கேட்க வேண்டிய அளவுக்குச் சத்தமாகச் சொன்னாள்:

"வெரசா போயிக் குடிச்சிரு கண்ணு. ஒங்க பாட்டி தட்டோட நிக்கிறா."